விலை இறங்காத ஆஸ்பத்திரி

மரியநாயகியின் கால் வீங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய புருஷன் இன்னாசித்தம்பியோ, எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி என்று குருநகர் முழுக்க விசாரித்துக்கொண்டு திரிந்தான்.

விசாரணை முடியும்வரை வீக்கம் காத்திருக்குமா? இதை அந்த மனிதனுக்கு யார் எடுத்துச் சொல்வது? அவள்தான் சொன்னாள், வாய் ஓயச் சொன்னாள். கேட்டால்தானே!

நடந்தது இதுதான். கடற்கரையில் மீன் வாங்கப் பனையோலைக் கடகத்தோடு நின்றவள், கரையொதுங்கிய பாசிக்குள் யாரோ வெட்டி எறிந்திருந்த திருக்கை வாலில் காலை வைத்துவிட்டாள். முள் விரல்களின் அடியில் ஆழமாக ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்தாள். சீலைத் துண்டால் ஒரு கட்டு. அன்றைக்கு வாங்கிய மீனை விற்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். சுடுதண்ணீர், மஞ்சள், வேப்பெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. வேறு ஆளென்றால் அதோடு ஆறியிருக்கும். ஆனால் மரியநாயகிக்குச் சலரோகம். சீனி போட்ட தேத்தண்ணீரை மறந்து வருடக்கணக்கான உடம்பு. கால் கொழுக்கட்டை மாதிரி உப்பி, தோல் மினுங்கத் தொடங்கியது. அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. கடகத்தைத் தலையில் வைத்து வீடு வீடாக நடந்து மீன் விற்கிறவளுக்குக் கால் போனால் பிறகு என்ன இருக்கிறது?

"பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள்.

"உனக்கென்ன விசரே? அங்கை சும்மா எல்லே பாக்கிறாங்கள்" என்றான் இன்னாசித்தம்பி.

அரசாங்க ஆஸ்பத்திரி, காசு வாங்காமல் சும்மா பார்க்கிறார்கள் என்பதுதான் அவனுடைய பெரிய குறை. கரைக்கு வருகிற மீனைக் குவித்துப் போட்டு ஏலம் கூறுவது அவன் தொழில். சண்டையால் கடலுக்குப் போகத் தடை, எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை என்று கரை பாதி காய்ந்து கிடந்த அந்த நாளிலும், கரையோரம் தடி நட்டுக் கட்டுகிற களங்கண்ணி வலையில் அகப்பட்ட நாலு மீனுக்கு நாற்பது பேர் கேட்கிற மாதிரி விலை கூறக்கூடிய தொண்டை அது. அந்தத் தொழில் அவனுக்குப் படிப்பித்தது ஒன்றுதான். நல்ல மீன் தன் விலையை விட்டு இலேசில் இறங்காது. ஒரேயடியாக இறங்கினால் அதில் ஏதோ இருக்கிறது, செவுளை விரித்துப் பார். சும்மா கொண்டுபோ என்று ஒருவன் தந்தால் அது பூனைக்குப் போடுகிற மீன். மீனைப் பொறுத்தவரை இதில் ஒரு பிழையும் இல்லை. மரியநாயகியும் அப்படித்தான் மீன் வாங்குவாள். ஆனால் கடலையும் கரையையும் தாண்டி மீதி உலகமும் மீன்தான் என்று நினைக்கிற மனிதனோடு சீவிப்பது என்ன லேசுப்பட்ட காரியமா?

போதாக்குறைக்கு அவனுடைய தங்கச்சி லூர்த்தம்மா வேறு வந்து கட்டில் விளிம்பில் குந்திவிட்டாள். ஊரில் யார் எந்த ஆஸ்பத்திரியில் செத்தார்கள் என்ற கணக்கு முழுக்க அவள் நாக்கில் இருந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆர் மச்சாள் நடந்து வந்தவை? எங்கடை வள்ளக்காரச் சம்மாட்டியார் பெட்டியிலைதான் வந்தவர். அந்த வலைக்காரக் கிழவனும் பெட்டியிலை. எங்கடை ஒழுங்கையிலை மட்டும் எத்தினை பேர்!"

"சாகக் கிடக்கிற ஆக்களைத்தானே மச்சாள் கடைசி நேரத்திலை அங்கை தூக்கிக்கொண்டு ஓடுறியள்? சுகமாய் வந்தவையை நீங்கள் எண்ணுறேல்லை. அவை பேசாமல் வீட்டை வந்து சோறு தின்னுகினம்" என்றாள் மரியநாயகி.

லூர்த்தம்மா அதைக் காதில் வாங்கவில்லை. இன்னாசித்தம்பியும் வாங்கவில்லை. அண்ணனும் தங்கச்சியும் அவளுடைய காலுக்கு மேலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்தார்கள். கால் யாருடையதோ, கதை யாருடையதோ!

கடைசியில் நல்லூர்ப் பக்கம் வீட்டோடு நாலு கட்டில் போட்டு வைத்தியம் பார்க்கிற டொக்டர் செல்வரட்ணத்திடம் போவதென்று முடிவாயிற்று. காசு வாங்குகிற டொக்டர், ஆகவே தகுதியுள்ளவர். மரியநாயகியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, வீங்கிய கால் நிலத்தில் முட்டாமல் ஒரு துவாயால் தூக்கிக் கட்டி, இன்னாசித்தம்பி மூச்சு வாங்க வாங்க மிதித்தான். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

டொக்டர் செல்வரட்ணம் தலை நரைத்த, மெலிந்த மனிதர். கதிரையில் காலை நீட்டச் சொல்லி, மெல்ல அமர்த்திப் பார்த்தார்.

"உள்ளுக்கை சீழ் கட்டியிருக்குது அம்மா. இண்டைக்கே கீறி விடவேணும். சலரோகம் எண்டு சொல்லுறியள், நாள் கடத்தினால் விரலுக்கு ஆபத்து."

"கீறுங்கோ ஐயா" என்றாள் மரியநாயகி உடனே. அவளுக்கு அந்தக் கையும் பிடித்தது, கதையும் பிடித்தது.

டொக்டர் கூலியைச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. இன்னாசித்தம்பியின் வாய் அவனைக் கேளாமலே திறந்துகொண்டது.

"ஐயா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ."

டொக்டர் அவனுடைய தோள் கிழிந்த சேட்டைப் பார்த்தார். வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"சரி, பாதியைத் தாங்கோ."

இன்னாசித்தம்பியின் முகம் மாறியது. விறைத்துப்போய் இருந்தான். அந்தப் பாதிக் காசும் இல்லையாக்கும் என்று நினைத்த டொக்டர் இன்னும் இரக்கப்பட்டார்.

"கஷ்டமெண்டால் மருந்துக் காசை மட்டும் தாங்கோ. என்ரை கூலி வேண்டாம். நாள் கடத்தாதையுங்கோ."

இன்னாசித்தம்பி எழும்பிவிட்டான். "வீட்டிலை ஒருக்கால் கதைச்சிட்டு வாறம் ஐயா" என்று அவளை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு படியிறங்கினான். டொக்டர் வாசல்வரை வந்து, "இண்டைக்கே வாங்கோ" என்று பின்னால் கூப்பிட்டுச் சொன்னார். அப்படிக் கூப்பிட்டதும் அவனுடைய சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது.

ஒழுங்கை முடக்கில் மரியநாயகி சைக்கிளை நிற்பாட்டச் சொன்னாள்.

"என்ன கோதாரிக்கு எழும்பி வந்தனீங்கள்?"

"நீ பாக்கேல்லையே? சொன்ன விலையிலையிருந்து ஒரே வீச்சிலை பாதி. பேந்து அதுவும் வேண்டாமாம். நாறின மீன்தான் மரியநாயகி அப்பிடி விழும். அவரிட்டை ஒருத்தரும் போறேல்லைப் போலை. நாலு கட்டிலும் வெறுங்கட்டில், கவனிச்சியே?"

"விலையைக் குறைக்கச் சொன்னது ஆர்? நீங்கள்தானே!"

"நான் கேப்பன். கேக்கிறது வாங்கிற ஆளின்ரை வேலை. அவர் இறங்கப்படாது."

நடுத்தெருவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தலையிலடித்துக்கொள்வதைத் தவிர மரியநாயகியால் வேறென்ன செய்ய முடியும்? திரும்பித் தானே நடந்து போய்விடலாம் என்று ஓரடி வைத்துப் பார்த்தாள். நோவு இடுப்புவரை ஏறியது. திரும்பவும் கரியரில் ஏறி இருந்துகொண்டு, அந்த மனிதனின் முதுகைப் பார்த்தபடியே வீடுவரை அவனுடைய பரம்பரையைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணனும் தங்கச்சியும் ஒரு நேர்சிங் ஹோமைக் கண்டுபிடித்தார்கள். மாடிக் கட்டிடம். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடக்க, பின்வளவில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. நிலத்துக்கு மினுமினுக்கிற கல்லுப் பதித்திருந்தது. காயம் கட்டுகிற மிஸிமார் வெள்ளைச் சப்பாத்தோடு நடந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிளாக்கர் நிமிர்ந்து பாராமலே தொகையைச் சொன்னார். கேட்டதும் மரியநாயகிக்குக் காய்ச்சலே ஒருகணம் விட்டுப்போயிற்று.

"ஐயா, கொஞ்சம் பாத்து..." என்று தொடங்கினான் இன்னாசித்தம்பி.

"ஒரு சதமும் குறையாது. ஏலாதெண்டால் வேறை இடம் பாருங்கோ."

இன்னாசித்தம்பியின் முகம் மலர்ந்ததே மலர்ச்சி! பெரிய விளைமீன் ஒன்றைக் கரையில் கண்டவன் மாதிரித் திரும்பி மனைவியைப் பார்த்தான். "இதுதான் இடம்" என்று அந்தப் பார்வை சொன்னது. மரியநாயகியின் காப்பு அன்றைக்கே அடைவுகடைக்குப் போனது.

"இஞ்சை இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததே இல்லையாம் மச்சாள்" என்று லூர்த்தம்மா காதுக்குள் சொன்னாள்.

கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தார்கள். காலைக் கழுவி, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டுப் போட்டார்கள். சீனி போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். தனக்குச் சலரோகம் என்று மரியநாயகிதான் சொல்லித் திருப்பி அனுப்பினாள். பின்னேரம் வந்த டொக்டர், வாசலில் நின்றே பார்த்து, "நாளைக்குப் பாப்பம்" என்று போனார். "கீற வேணுமெண்டு மற்ற டொக்டர் சொன்னவர்" என்று அவள் பின்னால் கத்தினாள். அவருடைய சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போய்விட்டது. இன்னாசித்தம்பி மட்டும் மின்விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திருப்தியாக இருந்தான்.

விடிந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. வந்த டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். மிஸியைப் பார்த்தார். மிஸி கிளாக்கரிடம் ஓடினாள். பிறகு நடந்ததெல்லாம் வெகு சுறுக்கு. வாசலில் ஒரு வாடகை வான் வந்து நின்றது.

"கெதியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இஞ்சை வைச்சிருக்க ஏலாது."

வானுக்குள் காலை நீட்டிக் கிடந்தபடி மரியநாயகி லூர்த்தம்மாவைப் பார்த்தாள். காய்ச்சலில் பல்லுக் கிட்டியது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

"இஞ்சை ஒருத்தரும் சாகாதது ஏனெண்டு இப்ப விளங்குதோ மச்சாள்? சாகிற ஆக்களை முதல் நாளே வெளியிலை ஏத்தி விடுறாங்கள்."

இன்னாசித்தம்பி உள்ளே நின்று முழுத் தொகையையும் கட்டிவிட்டு வந்திருந்தான். ஒரு சதமும் அவர்கள் இறங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கட்டில்களுக்குக் கீழேயும் ஆட்கள் பாய்போட்டுக் கிடந்தார்கள். மருந்துத் தடைக்காலம், கட்டுக்குத் துணி போதாது, பழைய வேட்டியை அவித்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று மிஸி கேட்டாள். "பாத்தியளே, துணிக்கே வழியில்லை" என்று லூர்த்தம்மா முணுமுணுத்தாள். ஆனால் காலைக் கண்ட டொக்டர் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. யாரிடமும் ஒரு சதமும் கேட்கவுமில்லை. மத்தியானத்துக்கு முன்னரே மரியநாயகியை ஒப்பரேசனுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது அந்த டொக்டர் கட்டிலருகே நின்றார். சின்ன வயது. கண்ணில் நித்திரையில்லாத சிவப்பு.

"பயப்பிடாதையுங்கோ அம்மா. காலைக் காப்பாத்தியாச்சு. ஆனால் ரெண்டு விரலை எடுக்கவேண்டி வந்திட்டுது."

மரியநாயகி கட்டைப் பார்த்தாள். பெரிய வெள்ளைப் பொதி. உள்ளே எத்தனை விரல் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

"முந்தியே கீறியிருந்தால், தம்பி?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "முந்தாநாள் ஆரும் கீறி விட்டிருந்தால் விரல் நிண்டிருக்கும்."

அவர் போனபிறகு மரியநாயகி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம். வரட்டும் அந்த மனிதன். முந்தாநாள் ஒரு நல்ல மனிதனின் வாசலிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்தீர்களே, அதன் விலை இதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் பார்வையாளர் நேரம் வந்தது. முதலில் கேட்டது லூர்த்தம்மாவின் ஒப்பாரி.

"ஐயோ என்ரை மச்சாளே! மகராசியே!"

வாட்டில் கிடந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லூர்த்தம்மா மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஒழுங்கைச் சனம் பாதி. நடுவில் பங்குச் சுவாமியார், கையில், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற நோயில்பூசுதல் எண்ணெய்ச் சிமிழோடு. எல்லாருக்கும் பின்னால் இன்னாசித்தம்பி, அழுது முகம் வீங்கி, சேட்டு நனைந்து, நிற்கவே ஏலாதவனாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு.

மரியநாயகி அப்போது தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்குச் சுவாமி பூசுதல்?" என்று கேட்டாள்.

சுவாமியார் அவளைப் பார்த்தார், கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார், திரும்பி இன்னாசித்தம்பியைப் பார்த்தார். ஒப்பாரி பாதியில் நின்றது.

"டொக்டர்மார் கைவிட்டிட்டினம் எண்டு சொன்னீரே?" என்றார் சுவாமியார்.

இன்னாசித்தம்பி முன்னால் வந்தான். அவனுக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. ஒப்பரேசன் முடிந்து வெளியே வந்த டொக்டரிடம் அவன் காசை நீட்டியிருக்கிறான். அவர் கையைத் தள்ளிவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டார். மிஸியிடம் நீட்டினான், அவளும் வேண்டாம் என்றாள். தள்ளுவண்டி உருட்டிய ஆளிடம்கூட நீட்டிப் பார்த்தான். அவனும் தலையை ஆட்டினான்.

"ஒருத்தர் வேண்டாமெண்டால் பரவாயில்லை. ஒருத்தருமே வேண்டாமெண்டால், சுவாமி... பிழைக்கிற ஆளெண்டால் வாங்காமல் விடுவினமே?"

அடுத்த கட்டிலில் கிடந்த கொடிகாமத்துத் தங்கமுத்து முதலில் சிரித்தாள். பிறகு வாட்டே சிரித்தது. லூர்த்தம்மா தான் அழவே இல்லை என்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வந்தது வந்திட்டன், ஆசீர்வாதத்தையாவது தந்திட்டுப் போறன்" என்று சுவாமியார் சிலுவை வரைந்துவிட்டுப் போனார்.

மரியநாயகிக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது. வரிசைப்படுத்தி வைத்ததையெல்லாம் அந்த இடத்திலேயே கொட்டியிருப்பாள். ஆனால் அவனுடைய கையைப் பார்த்துவிட்டாள். நோட்டுகளை அந்தக் கை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவை வேர்வையில் ஊறிப்போயிருந்தன. இந்த மனிதனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் பெரியாஸ்பத்திரி வரிசையில் போய் நின்று சும்மா மருந்து வாங்கி வருவான். அவளுக்கென்றால் மட்டும்தான் சும்மா கிடைப்பது ஆகாது. அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்ததால்தான் இவ்வளவு ஆத்திரமும்.

"காசை இஞ்சை தாங்கோ. நான் டொக்டரிட்டைக் குடுத்துவிடுறன்" என்று வாங்கிச் சட்டைக்குள் செருகினாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவன் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டொக்டர் வாங்கினவரோ?"

"ஓம், வாங்கினவர்" என்றாள். இன்றைக்காவது நிம்மதியாகப் படுக்கட்டும் என்று நினைத்தாள்.

இன்னாசித்தம்பியின் முதுகு நிமிர்ந்தது. தொண்டையில் பழைய கணீர் வந்தது. தங்கமுத்துவின் கட்டில் பக்கம் திரும்பினான்.

"கேட்டியளே அக்கா? காசு குடுத்தபடியாத்தான் இவ்வளவு கவனமாப் பாத்திருக்கிறாங்கள். சும்மா எண்டு விட்டிருந்தால் காலே போயிருக்கும். எதுக்கும் ஒரு விலை குடுக்கவேணும். நானெல்லோ விடாமல் நிண்டு..."

"நிப்பாட்டுங்கோ!"

மரியநாயகி சட்டைக்குள்ளிருந்து நோட்டுகளை இழுத்து அவனுடைய மடியில் எறிந்தாள்.

"ஒரு சதமும் ஆரும் வாங்கேல்லை. சும்மாதான் பாத்தவை. சும்மா வெட்டி, சும்மா கட்டி, சும்மா கஞ்சியும் தந்தவை. என்ரை கால் போகேல்லை. விரல்தான் போனது. ரெண்டு விரல். செல்வரட்ணம் டொக்டரிட்டை அண்டைக்கே கீறியிருந்தால் அதுவும் போயிராது. இஞ்சத்தை டொக்டர் சொன்னவர்."

இன்னாசித்தம்பி நோட்டுகளைப் பொறுக்கவில்லை. அவை அவன் மடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. எழும்பி, கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தான். கட்டுப்போட்ட காலைத் தொடக் கை நீட்டினான். தொடாமல் எடுத்துக்கொண்டான்.

"எந்த விரல்?"

"சின்னனும் அதுக்குப் பக்கத்ததும்."

அவன் விளங்காத கணக்கைக் கேட்கிறவன் மாதிரி, மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அந்த டொக்டர் விலையைக் குறைச்சது... எங்களைப் பாத்துப் பாவப்பட்டோ?"

"ஓம்."

"கரையிலை அப்பிடி ஒருத்தரும் குறைக்கிறேல்லை மரியநாயகி" என்றான். அவ்வளவுதான். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். நேற்றுப் பூசுதலுக்கு வந்தபோது அழுத அழுகையல்ல இது. சத்தமே இல்லை.

மரியநாயகி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லியாயிற்று. சொன்னால் ஆறும் என்றிருந்தாள், ஆறவில்லை. விரலும் திரும்ப வரப்போவதில்லை.

"அழாதையுங்கோ, சனம் பாக்குது" என்றாள். "நடப்பன். கடகமும் தூக்குவன். ஆனால் இனி எனக்கு ஒரு வருத்தம் வந்தால், எங்கை போறதெண்டு நான்தான் சொல்லுவன். நீங்கள் சைக்கிளை மிதிச்சால் காணும்."

"ஓம்" என்றான் இன்னாசித்தம்பி.